செருப்புக்கு எண்ணெய்க்குளியல் எதற்கு?

தோல் பொருளுக்கு அவ்வப்போது எண்ணெய் காட்ட வேண்டும், காட்டாவிட்டால் வறண்டு வெடித்துவிடும் என்று நம்மில் பெரும்பாலோர் நம்புகிறோம். வீட்டுப் பெரியவர் தேங்காய் எண்ணெய் என்பார். கொஞ்சம் விவரம் தெரிந்தவர் விளக்கெண்ணெய் என்பார். யூடியூபில் ஒருவர் ஆலிவ் எண்ணெயைத் துணியில் நனைத்துக் காட்டுவார். காலணிக் கடைக்காரர் இவை எல்லாவற்றையும் கேலி செய்துவிட்டு, ‘லெதர் கண்டிஷனர்’ என்று ஒரு சிறு புட்டியை எடுத்து நீட்டுவார். எந்த எண்ணெய், மாதம் ஒருமுறையா வாரம் ஒருமுறையா என்பதில் இவர்களுக்குள் ஆயிரம் சண்டை உண்டு. எண்ணெய் வேண்டுமா என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. வேண்டாம் என்பது என் கட்சி. இன்று நம் வீடுகளில் இருக்கும் தோல் பொருள்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு வெளியிலிருந்து பூசும் எண்ணெயால் எந்தப் பயனும் இல்லை. பலவற்றுக்கு அது கேடு. நம் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் அந்தக் கேடு இரட்டிப்பாகிறது.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று ஊகிப்பது கடினமில்லை. சனிக்கிழமை எண்ணெய்க்குளியல் பழக்கமான ஊர் இது. பனிக்காலத்தில் கை கால் வெளுத்து வறண்டால் எண்ணெய் தடவுகிறோம், சரியாகிவிடுகிறது. செருப்பும் பையும் தோல்தானே, அவற்றுக்கும் அதே வைத்தியம் பொருந்தாதா என்று மனம் தாவிவிடுகிறது. ஆனால் உயிருள்ள தோலின் மேற்புறத்தில் நம் எண்ணெய் மென்மையாக்குவது மேல்தோல் என்ற மெல்லிய படலத்தை. அந்தப் படலமும் சில வாரங்களுக்கு ஒருமுறை தானே உதிர்ந்து புதிதாக வளர்ந்துகொள்கிறது. அதனடியில் நெய் சுரக்கும் சுரப்பிகள் இருக்கின்றன. பதனிடும் தொழிற்சாலையில் முதல் வேலையே இவற்றை ஒழிப்பதுதான். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறும்போது மயிரோடு மேல்தோலும், மயிர்க்கால்களை ஒட்டிய சுரப்பிகளும் கரைந்து கழன்றுபோகின்றன. உள்பக்கத்துச் சதையையும் கொழுப்பையும் சீவி எடுத்துவிடுகிறார்கள். எஞ்சுவது நடுவே இருக்கும் கொலாஜன் என்ற புரதத்தின் நார்ப்பின்னல் மட்டும். நம் கையில் எண்ணெயை ஏற்று மினுமினுக்கிற பகுதி எதுவோ, அது செருப்பில் இல்லவே இல்லை. உயிருள்ளது தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். செத்த நாருக்கு அந்த வசதி கிடையாது. அதில் ஏற்றியதை அது தானே உதிர்த்துச் சரிசெய்துகொள்ளாது.

அப்படியானால் தோலில் எண்ணெயே இல்லையா என்றால், இருக்கிறது. அது இருக்கும் விதம்தான் என் வாதத்துக்கு முதல் சான்று. பதனிட்ட தோல் ஈரம் காயும்போது நார்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். அப்படி ஒட்டினால் தோல் அட்டையாக விறைத்துவிடும். இதைத் தடுக்கத்தான் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் உள்ள டேனரிகளில், தோல் காய்வதற்கு முன்பே, சுழலும் பெரிய மரப் பீப்பாய்களில் வெந்நீரோடு எண்ணெயைக் கலந்து ஊட்டுகிறார்கள். தொழிலில் இதற்கு ‘ஃபேட் லிக்கர்’ என்று பெயர். அது சமையலறை எண்ணெய் அல்ல. தண்ணீரில் பால்போலக் கலந்து நாரின் இடுக்குகளுக்குள் புகவும், புகுந்த இடத்தில் பற்றிக்கொள்ளவும் வேண்டுமென்று வேதிமாற்றம் செய்யப்பட்டது. அளவு கூடினால் தோல் தொளதொளக்கும், குறைந்தால் விறைக்கும். அதனால் செருப்பின் மேற்பாகத் தோலுக்கு ஒரு கணக்கு, கையுறைத் தோலுக்கு வேறொரு கணக்கு. தோல் ஈரத்தில் விரிந்திருக்கும்போது, பீப்பாயின் உருட்டலில், நார் நாராக நடக்கிற இந்த வேலையை, காய்ந்து, அழுத்தி, மெருகேற்றி, தைத்து முடித்த பொருளின் முதுகில் ஒரு கந்தல் துணியால் செய்துவிடலாம் என்று நினைப்பது தொழிலை அவமதிப்பது. சரியான அளவு எண்ணெய் அதில் ஏற்கெனவே இருக்கிறது. நாம் ஊற்றுவது அந்தக் கணக்கைக் குலைக்கிறது.

எந்த எண்ணெய் என்பதும் சிறு விஷயமில்லை. இன்று உலகில் பதனிடப்படும் தோலில் பெரும்பகுதி குரோமிய உப்பால் பதனிடப்படுவது. அந்தக் குரோமியம் தன் இயல்பான மூவிணை நிலையில் இருக்கும்வரை பெரிய தொல்லை தராது. சில எண்ணெய்களில் உள்ள நிறைவுறாக் கொழுப்புகள் வெயிலிலும் வெப்பத்திலும் காற்றோடு வினைபுரியும்போது, அந்தக் குரோமியத்தின் ஒரு சிறு பங்கை நச்சுத்தன்மையுள்ள ஆறிணை நிலைக்கு மாற்றக்கூடும். உடம்பை ஒட்டி அணிகிற தோல் பொருள்களில் ஆறிணைக் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 முதல் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. அதனால் ஏற்றுமதி டேனரிகள் எந்த எண்ணெயை ஊட்டுவது என்பதில் கவனமாக இருக்கின்றன. அவ்வளவு கவனத்தோடு தேர்ந்தெடுத்த எண்ணெயின்மீது, அடுப்பங்கரையில் கைக்குக் கிடைத்த நல்லெண்ணெயை வீட்டுக்காரர் தேய்க்கிறார்.

தேய்த்தாலும் அது உள்ளே போவதில்லை என்பது வேறு கதை. கடையில் கிடைக்கும் செருப்பு, கைப்பை, பர்ஸ், சோபா ஆகியவற்றின் தோல் பெரும்பாலும் நிறமும் அக்ரிலிக் அல்லது பாலியூரித்தேன் பூச்சும் ஏற்றியது. ஒரு சொட்டுத் தண்ணீரை மறைவான ஓரத்தில் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். முத்துபோல நின்று உருண்டால் மேலே பூச்சு இருக்கிறது. ஊறிக் கறுத்தால் இல்லை. பூச்சிட்ட தோலின்மேல் எண்ணெய் என்பது சுவருக்கு அடித்த பெயிண்டின்மேல் தண்ணீர் தெளித்துச் செங்கல்லுக்கு ஈரம் சேர்த்ததாக நினைத்துக்கொள்வதற்குச் சமம். மேலே தேங்கி, தூசியைப் பிடித்து, பிசுபிசுத்து, வெள்ளை வேட்டியில் கறையாக இறங்கும். மென்மயிர் போன்ற மேற்பரப்பு கொண்ட ஸ்வேடு வகைத் தோலில் பூச்சு இல்லை, எண்ணெய் உடனே இறங்கும். இறங்கிய இடம் அதோடு தீர்ந்தது.

தோலை வளைய வைப்பது எண்ணெய் மட்டும்தான் என்று நினைப்பதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் வேர். கொலாஜன் நாரோடு பிணைந்து நிற்கும் நீருக்கு அதில் பெரும்பங்கு உண்டு. மிதமான ஈரப்பதமுள்ள அறையில் கிடக்கும் தோல் காற்றிலிருந்து நீரை எடுத்துக்கொண்டு தன் எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் ஈரத்தை வைத்திருக்கும். காற்று மிகவும் வறண்டால் அந்த நீர் போய்விடும், தோல் விறைக்கும். கனடாவின் குளிர்காலத்தில் வெப்பமூட்டிய வீட்டுக்குள் இது நிஜமான தொல்லை. சென்னையிலும் கடலூரிலும் நாகப்பட்டினத்திலும் தோல் ‘வறண்டுபோகும்’ என்று கவலைப்படுவது வேடிக்கை. இங்கே காற்றின் ஈரப்பதம் ஆண்டின் பெரும்பகுதி 60 சதவீதத்துக்கு மேலேயே நிற்கிறது. குளிர்நாட்டுக் கையேட்டில் எழுதியதை மொழிபெயர்த்து விற்கிற கண்டிஷனர் விளம்பரங்களுக்கு இந்த வித்தியாசம் தெரியாது, தெரிந்தாலும் சொல்லப்போவதில்லை.

எண்ணெய் தோலைக் காப்பாற்றுமா என்ற கேள்வியை நீண்ட காலம் வைத்துச் சோதித்துப் பார்த்த ஓர் இடம் உண்டென்றால் அது நூலகம்தான். ஐரோப்பாவின் பழைய நூல்கள் தோல் அட்டை கட்டியவை. 19ஆம் நூற்றாண்டில் லண்டனில் அந்த அட்டைகள் செந்தூளாக உதிரத் தொடங்கின. அங்கே அதினியம் என்ற மன்றத்தின் தோல் நாற்காலிகளும் அப்படியே உளுத்துப்போக, காரணத்தை ஆராய்ந்தவர் மைக்கேல் ஃபாரடே. விளக்கெரித்த வாயுவின் புகையில் இருந்த கந்தகம்தான் குற்றவாளி என்று 1843இலேயே அவர் சுட்டிக்காட்டினார். கந்தக டை ஆக்சைடு தோலின் ஈரத்தில் கரைந்து அமிலமாகி நார்களை அறுக்கிறது. 1901இல் லண்டனின் கலைக் கழகம் அமைத்த குழு இதைப் பற்றி விரிவான அறிக்கை வெளியிட்டது. அதில் நமக்குக் கொஞ்சம் கசப்பான செய்தி ஒன்றும் இருக்கிறது. ‘பெர்ஷியன்’ என்ற வணிகப் பெயரில் லண்டனில் விற்ற மலிவான ஆட்டுத்தோல் பாரசீகத்திலிருந்து போனதல்ல. ஆவாரம்பட்டை போன்ற பட்டைகளால் பதனிட்டு, சென்னைத் துறைமுகத்தின் வழியே கப்பலேறியது. நூல் கட்டுவதற்கு அது மிக மோசம், ஓராண்டுக்குள்ளேயே சிதைவு காட்டியிருக்கிறது என்று குழு எழுதியது. வேறு பல பயன்களுக்கு அது நல்ல தோல்தான் என்பதையும் ஒப்புக்கொண்டது. பட்டைகளின் துவர்ப்புப் பொருளில் இரண்டு குடும்பங்கள் உண்டு. ஆவாரம், வாட்டில் போன்றவற்றில் இருக்கும் வகை அமிலப் புகைக்கு எளிதில் பணிந்துவிடும். ஐரோப்பியர் பயன்படுத்திய சுமாக் இலையில் இருக்கும் வகை தாக்குப்பிடிக்கும். ஒரு தோலின் ஆயுளை எது தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடையாது. எதனால் பதனிட்டார்கள், எந்தக் காற்றில் வைத்தார்கள், எவ்வளவு வெளிச்சம் பட்டது என்பவையே கணக்கு.

ஆனாலும் எண்ணெயின் கவர்ச்சி அறிஞர்களையும் விடவில்லை. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆய்வுக்கூடத்தில் இருந்த பிளெண்டர்லீத் 1946இல் தோல் அட்டைகளைக் காப்பது பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அந்த அருங்காட்சியகத்தின் பெயரிலேயே புகழ்பெற்ற பூச்சு ஒன்று உண்டு: ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லேனோலின், தேவதாரு எண்ணெய், தேன்மெழுகு, இவற்றைக் கரைக்க ஹெக்சேன். உலகெங்கும் நூலகர்கள் இதையும், மாட்டுக் குளம்பெலும்பிலிருந்து எடுக்கும் எண்ணெயையும் வரிசை வரிசையாக நூல்களுக்குப் பூசினார்கள். பல பத்தாண்டுகள் கழித்துக் கண்டது என்ன? எண்ணெய் அமிலத்தை நடுநிலையாக்கவில்லை, அறுந்த நாரை ஒட்டவில்லை. அதிகம் பூசிய நூல்கள் ஒட்டிப் பிசுபிசுத்தன, கறுத்தன, காகிதத்தில் எண்ணெய் ஊறியது, சிலவற்றில் பூசணமும் வந்தது. 1930களில் பிரிட்டனில் ஒரு நீண்ட காலச் சோதனை தொடங்கியிருந்தார்கள். ஒரே மாதிரியான தோல்களில் கட்டிய நூல்களை ஒரு தொகுதி லண்டனிலும், இன்னொரு தொகுதி வேல்ஸின் கடலோரச் சிற்றூரான அபெரிஸ்ட்வித்தில் உள்ள தேசிய நூலகத்திலும் வைத்தார்கள். லண்டன் புகையில் இருந்தவை சிதைந்தன, சுத்தமான காற்றில் இருந்தவை நன்றாகவே நின்றன. ஊர்தான் வேறு, தோல் ஒன்றுதான். இன்னும் எளிய சான்று வேண்டுமென்றால் ஏதாவது பழைய நூலகத்தில் தோலால் கட்டிய நூல் ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்துப் பார்க்கலாம். வெளிச்சமும் காற்றும் படும் முதுகு பொடிந்திருக்கும்; பக்கத்து நூல்களின் மறைவில் இருந்த அட்டைகள் உறுதியாக இருக்கும். இரண்டும் பெரும்பாலும் ஒரே தோலிலிருந்து வெட்டியவை, அதே எண்ணெய்ச் சத்து கொண்டவை. எண்ணெய் போதாமைதான் நோய் என்றால் இரண்டும் அல்லவா பொடிந்திருக்க வேண்டும்? இதையெல்லாம் பார்த்த பிறகு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகமும், கனடாவின் கலைப்பொருள் பாதுகாப்பு நிறுவனமும், அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறையும் தோலுக்கு எண்ணெய்ப் பூச்சு வேண்டாம் என்ற முடிவுக்கு வந்துவிட்டன. பொடிந்த தோலை இன்று பாதுகாப்பாளர்கள் கட்டுவது செல்லுலோஸ் வகைப் பசை ஒன்றைச் சாராயத்தில் கரைத்துப் பூசி. எண்ணெய்ப் புட்டியைத் தொடுவதில்லை.

நூலகம் வேறு, தினமும் மிதிபடும் செருப்பு வேறு என்று ஒருவர் சொல்லலாம். வேறுதான். ஆனால் நம் செருப்பின் நிலைமை அந்த நூல்களைவிட மோசம், ஏனென்றால் நம்மிடம் பூசணம் இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டி நின்றால் தோலில் பூசணம் பூக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அலமாரியைத் திறந்தால் கறுப்பு ஷூ சாம்பல் பூத்துக் கிடப்பதைப் பார்க்காத வீடு அபூர்வம். உடனே துடைத்துவிட்டு ‘எண்ணெய் போட்டு’ வைக்கிறோம். பூசணத்துக்கு வேண்டியவை ஈரமும் உணவும். ஈரத்தை மழை தருகிறது, உணவை நாம் தருகிறோம். எண்ணெய்களுக்குள்ளும் தர வேறுபாடு உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆளி விதை எண்ணெய் காற்றில் காய்ந்து பிசினாகவே இறுகிவிடும். நல்லெண்ணெய் அவ்வளவு இல்லாவிட்டாலும் நாளடைவில் தடித்துப் பிசுக்கேறும். தேங்காய் எண்ணெய் அப்படிக் காயாது என்பது அதற்குச் சாதகமான உண்மை. ஆனால் அது சிக்கு வாடை பிடிக்கும், 24 பாகை அளவில் உறைந்தும்விடும். மார்கழிக் காலையில் அது தோலின் மேல் வெள்ளையாக வந்து நிற்கும்போது அதையும் பூசணம் என்று நினைத்து மறுபடி எண்ணெய் தேய்ப்பவர் உண்டு. இரண்டையும் பிரித்தறிவது சுலபம். தலைமுடி உலர்த்தியின் இளஞ்சூட்டைக் காட்டினால் கொழுப்பு உருகி மறையும், பூசணம் அசையாது.

எண்ணெய் போட்டதும் தோல் புதிதுபோல ஆகிவிடுகிறதே, கண்ணால் காண்பது பொய்யா என்று கேட்பார்கள். கண்டது பொய்யில்லை, அதற்குச் சொல்லும் விளக்கம்தான் பொய். வடை மடித்த காகிதம் எண்ணெய்பட்ட இடத்தில் நிறம் ஆழ்ந்து கண்ணாடிபோல ஆகிறதே, அதே ஒளியியல்தான் இங்கும். நார்களுக்கிடையே இருந்த காற்றின் இடத்தை எண்ணெய் பிடித்துக்கொள்ள, சிதறிய ஒளி குறைந்து நிறம் ஆழ்கிறது. காகிதம் அதனால் வலுப்பட்டதாக யாரும் சொல்வதில்லை. மென்மையும் அப்படித்தான். எண்ணெய் ஏறிய பெல்ட் கைக்கு இதமாக இருக்கும், பிறகு நீண்டு தொங்கும், துளைகள் நீள்வட்டமாகும். கைப்பையின் அடிப்பாகம் சரியும், செருப்பின் வார் தளரும், ஒட்டுப்பசை விடும். விறைப்பும் தோலின் ஒரு குணம்தான். பெல்ட்டுக்கும் குதிகாலுக்கும் அது வேண்டும் என்றுதான் தோலைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வெடிப்புக்கும் எண்ணெய் மருந்தில்லை. வெடித்த இடத்தில் நார் அறுந்துவிட்டது. எண்ணெய் அந்தப் பள்ளத்தைக் கறுப்பாக்கிக் கண்ணுக்கு மறைக்கும். தைக்கவோ ஒட்டவோ தெரிந்த கை அதைவிட மேல்.

வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு, அதைச் சுருக்கித் தள்ளக் கூடாது. குதிரைச் சேணம் தைத்தவர்களும் மாட்டுவண்டிக்காரர்களும் மாடு கட்டிக் கமலையில் கிணற்றுநீர் இறைத்த உழவர்களும் தலைமுறை தலைமுறையாகத் தோலுக்கு எண்ணெய் போட்டார்கள். அவர்கள் முட்டாள்களா? இல்லை. அவர்கள் கையில் இருந்த தோல் வேறு, அதன் வாழ்க்கை வேறு. அது பட்டையால் பதனிட்ட, மேற்பூச்சு எதுவும் இல்லாத, தடித்த தோல். டேனரியிலேயே கொழுப்பையும் மெழுகையும் பலமடங்கு அதிகமாக ஏற்றி உருவாக்கப்படும் சேணத் தோலும் இந்த இனம்தான். வியர்வையிலும் மழையிலும் நனைந்து, காய்ந்து, மறுபடி நனைவது அதன் அன்றாடம். அப்படி நனைகிற தோலிலிருந்து கொழுப்பு கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுவது உண்மை. ஆகவே அரை ஈரமாக இருக்கும்போதே மெல்லிய அளவில் கொழுப்பைத் திருப்பித் தருவது நியாயமான தொழில் வழக்கம். கோலாப்பூரி போன்ற பூச்சில்லாத செருப்பை அணிந்து மழையில் நனைபவர் ஆண்டுக்கு ஒருமுறை இதைச் செய்தால் நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் சேணக்காரரின் பழக்கத்தை எடுத்து, ஏசி அலுவலகத்தில் நாற்காலிமேல் கிடக்கும் குரோமியத் தோல் லேப்டாப் பைக்குப் பொருத்தினால் அது மரபைப் பின்பற்றுவதாகாது. கமலைக் கதையில் இன்னொரு திருப்பமும் இருக்கிறது. இறைக்கும் சாலில் பொருத்திய தோல் எப்போதும் தண்ணீரிலேயே கிடந்து சீக்கிரம் அழுகிவிடும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் ஆல்ஃபிரட் சாட்டர்ட்டன் என்ற பொறியாளர் குரோமியப் பதனிடலைச் சோதித்தபோது, அந்தத் தோலுக்கு அவர் கண்ட பயன்களில் ஒன்று இந்தக் கமலைத் தோல்தான். தண்ணீருக்குத் தாக்குப்பிடிக்கும் தோல் வேண்டுமென்றால் வேறு வகையில் பதனிட வேண்டும் என்ற திசையில் போனார்கள். அந்தக் குரோமியத் தொழில் பிறகு பல்லாவரத்தின் பக்கத்தில் வேரூன்றி, குரோம்பேட்டை என்று ஓர் ஊரின் பெயராகவே நின்றுவிட்டது.

தாத்தாவின் பெல்ட் முப்பது வருஷம் உழைத்ததே என்பவருக்கும் இதே பதில்தான். அது ஒரே தடித்த துண்டில் வெட்டிய தோலாக இருந்திருக்கும். எண்ணெய் இல்லாமலும் உழைத்திருக்கும். எண்ணெய் போட்டும் அழுகிப்போன பெல்ட்டுகளை யாரும் பரணில் வைத்துப் பேரனுக்குக் காட்டுவதில்லை. ஓலைச்சுவடிக்கு எண்ணெய் பூசித்தானே காப்பாற்றினார்கள் என்று கேட்பவர் உண்டு. அங்கே பூசுவது எலுமிச்சைப்புல் எண்ணெய் போன்ற, ஆவியாகிப் பறக்கும் தைலங்கள். பூச்சியை விரட்டுவதும் ஓலையை ஒடியாமல் வைப்பதும் அதன் வேலை. ஓலை தாவரத்தின் செல்லுலோஸ், தோல் விலங்கின் புரதம். இரண்டும் பழமையானவை என்பதைத் தவிர இந்த ஒப்பீட்டில் பொருந்துவது ஒன்றுமில்லை.

‘தோல் உரிகிறது, எண்ணெய் போடாமல் விட்டுவிட்டேன்’ என்று வருந்துவோரின் கதை இன்னும் பரிதாபம். சோபாவும் கைப்பையும் செதில் செதிலாக உரிந்தால், உரிவது அநேகமாகத் தோலே அல்ல. துணியின்மேலோ, தோலின் அடிப்பிளவின்மேலோ, தோல்தூளைப் பசையில் குழைத்துச் செய்த தகட்டின்மேலோ ஏற்றிய பாலியூரித்தேன் படலம் அது. ஈரமும் வெப்பமும் அந்தப் பிளாஸ்டிக்கின் மூலக்கூறுகளைத் தண்ணீராலேயே அறுத்துப்போடும். நம் ஊரில் அலமாரிக்குள் சும்மா வைத்திருந்தாலும் சில ஆண்டுகளில் உரிந்துவிடும். அதற்கு எண்ணெய் ஊற்றுவது ரெக்சினுக்கு வைத்தியம் பார்ப்பது. உரிந்த பொருளை விற்றவர் சொல்லவேண்டிய பதிலை, வாங்கியவர் தன் சோம்பல்மேல் போட்டுக்கொள்கிறார். கண்டிஷனர் வியாபாரத்துக்கு இந்தக் குற்றவுணர்ச்சி பெரிய முதலீடு.

கண்டிஷனரை முழுக்க மோசடி என்றும் சொல்லமாட்டேன். அந்தக் க்ரீம்கள் பலவற்றில் பெரும்பகுதி தண்ணீரும் மெழுகும்தான், எண்ணெய் கொஞ்சம். பூசும் முன் துணியால் நன்றாகத் துடைக்கச் சொல்கிறார்கள் இல்லையா, பலனில் பெரும்பங்கு அந்தத் துடைப்புக்கு உரியது. ஷூ பாலிஷும் இதே கணக்கு. அதன் மெழுகு சிறு கீறலை மறைக்கும், தூறலைக் கொஞ்சம் தடுக்கும், பளபளக்கும். உணவு என்று பெயர் வைக்காமல் அலங்காரம் என்று வைத்தால் யாருக்கும் ஆட்சேபமில்லை.

நம் ஊரில் தோலைக் கெடுப்பவை வேறு. முதலாவது வியர்வை. உப்பும் அமிலமும் கலந்த அந்த நீர் காலணியின் உட்புறத்திலும் கைக்கடிகார வாரிலும் தினமும் இறங்குகிறது. ஒரே ஜோடியைத் தினமும் போடாமல் ஒருநாள் விட்டுப் போட்டால், இடைப்பட்ட நாளில் ஈரம் வெளியேறிவிடும். இதற்கு இணையான பராமரிப்பு எந்தப் புட்டியிலும் இல்லை. இரண்டாவது வெப்பம். ஈரமான தோல் உலர்ந்த தோலைவிட மிகக் குறைந்த சூட்டிலேயே சுருங்கிவிடும், பட்டையால் பதனிட்ட தோல் குரோமியத் தோலைவிடச் சீக்கிரம். மழையில் நனைந்த ஷூவை மொட்டைமாடி வெயிலிலோ, பைக் எஞ்சின் பக்கத்திலோ, அடுப்புக்கு அருகிலோ காயப்போடுபவர்தான் அதை விறைக்க வைக்கிறார். பிறகு விறைத்துவிட்டதே என்று எண்ணெய் தேடுகிறார். பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, நிழலில், மின்விசிறிக் காற்றில் விட்டு, தாள் நனைந்ததும் மாற்றினால் போதும். மூன்றாவது பாலித்தீன் பை. புதுப்பையை ‘பத்திரமாக’ பிளாஸ்டிக்கில் சுற்றிப் பீரோவில் வைப்பது ஈரத்தை உள்ளே பூட்டி வைப்பதற்குச் சமம். பழைய பருத்தித் துணி சுற்றினால் மூச்சுவிடும். பூசணம் பூத்தால் வீட்டுக்கு வெளியே எடுத்துப்போய் உலர்ந்த துணியால் துடைத்து, ஸ்பிரிட்டைத் துணியில் லேசாக நனைத்து மறைவான இடத்தில் நிறம் போகிறதா என்று பார்த்த பிறகு மேலே துடைத்து, காற்றாட விடவேண்டும். தூசிக்கு மென்மையான பிரஷ். மடிப்புகளில் மணல் தங்கினால் ஒவ்வொரு அடிக்கும் அது நாரை அறுக்கும். அழுக்குக்கு ஈரம் பிழிந்த துணி. பூச்சிட்ட தோலென்றால் மிக மிதமான சோப்பு நீர், உடனே ஈரம் ஒற்றி எடுத்தல்.

இதற்குப் பிறகும் கைக்கு ஏதாவது செய்தாக வேண்டும்போல இருந்தால் பொருளைத் திருப்பி அடிப்பக்கம் பார்க்கலாம். தோல் காலணியில் முதலில் போவது பெரும்பாலும் தோல் அல்ல. நூல், ஒட்டு, அடிப்பாகம், குதிகாலின் ஓரம். தையல் ஒன்றிரண்டு விட்டதுமே பேருந்து நிலையத்து ஓரத்தில் குடை விரித்து உட்கார்ந்திருக்கும் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்தால் ஒரு கண்டிஷனர் புட்டியின் விலையில் சிறு பங்குக்கு வேலை முடியும். விட்ட தையலைக் கவனிக்காமல் நடந்தால் துளை கிழிந்து தோலே போகும். அவர் மெழுகு தடவுவது நூலுக்கு. தோலுக்கு அவரும் அதிகம் எண்ணெய் போடுவதில்லை.